முன்சக்கரத்துச் சத்தம்

அருள்பாண்டியின் பிக்கப் வண்டி வருகிறதா என்று ஊரில் யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்றாகி ஒரு வாரம் இருக்கும். வேகத்தடைக்கு முன்னால் அவன் பிரேக்கில் கால் வைத்தால் போதும், முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து கீச்சென்று ஒரு கத்தல் கத்தும். டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். படுத்துக் கிடக்கும் ஆடுகள் எழுந்து நின்றுவிடும். முதல் நாள் தூசி என்றான். மறுநாள் ஈரம் என்றான். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லாமல் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான். அது அவன் காதை மட்டும்தான் மூடியது.

கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம் அது. மழை பொய்த்த வருசம் போக, மழை பெய்த வருசத்தில் காட்டுப்பன்றி இறங்கி மிதித்துவிட்டுப் போனது. நாலு வருசத்துக்கு முன்னால் வாங்கிய பிக்கப்தான் வீட்டை நிமிர்த்தியது. சிவகாசியில் அச்சடித்த அட்டைப்பெட்டிகளை ஏற்றி, விருதுநகர் ரோட்டில் இருக்கிற ஒரு பயர் ஆபீஸில் இறக்க வேண்டும். பட்டாசுத் தொழிற்சாலையை இந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வது. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் வண்டிக்கு ஓய்வே கிடையாது. அதனால் சீசனுக்கு நடுவே நின்றுவிடக் கூடாது என்று சூலக்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பலவேசத்திடம் விட்டு, முன்பக்கத்து பிரேக் பேட் நாலையும் புதிதாக மாற்றியிருந்தான். அது ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முந்தி.

ஆயுத பூஜை என்றால் அந்த வீட்டில் இரும்புக்கெல்லாம் எண்ணெய்க் காப்பு. மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை, களைவெட்டி, டிராக்டர் வந்தபிறகு சும்மா சாத்திக் கிடக்கும் கலப்பைக் கொழு, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து விளக்கெண்ணெய் தடவி, அதன் மேல்தான் சந்தனமும் குங்குமமும். வீட்டு ஆம்பளைதான் தடவ வேண்டும். பெண்களுக்குச் சுண்டல், பொரி, வாசல் தெளிப்பு. அருள்பாண்டி அன்றைக்கு வண்டியையும் புது மாப்பிள்ளையைப் போலக் குளிப்பாட்டி நிறுத்தினான். வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தபோது முன்சக்கரத்தின் ஓட்டைக்குள்ளே பார்வை போனது. உள்ளே வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்த பிரேக் தட்டு, தண்ணீர் பட்ட ஒரு மணி நேரத்தில் செக்கச்செவேலென்று துருவேறி இருந்தது.

பூஜையும் அதுவுமாக இரும்பில் துரு இருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. துணியை விரலில் சுற்றி, எண்ணெயில் நனைத்து, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, தட்டின் இரண்டு முகத்திலும் ஒரு இடம் விடாமல் தடவினான். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவன் பெண்டாட்டி கற்பகம் பக்கத்தில் நின்றாள். இதுக்குமா என்று கேட்டாள். இரும்புன்னா எல்லாம் இரும்புதான் என்றான்.

மறுநாள் பிரேக் கொஞ்சம் வழுக்கியது. நாலைந்து மிதியில் பிடித்துக்கொண்டது. ஏதோ கருகுகிற வாசம் வந்தது. பூஜை போட்ட வண்டிக்கு அப்படித்தான் வாசம் வரும் என்று நினைத்துக்கொண்டான். அதற்கு அடுத்த நாள் கத்தல் ஆரம்பித்தது.

சனிக்கிழமை மத்தியானம் அட்டைப்பெட்டி லோடோடு ஆபீஸுக்குள் நுழைந்தான். அங்கே ஒரே கட்டடம் என்று எதுவும் இல்லை. வேப்ப மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள். அறைக்கு நாலு பேர். எந்தப் பக்கமும் ஓடுவதற்கு வாசல். உள்ளே இருக்கும் பெண்கள் செருப்புப் போடுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்றுதான். சத்தம் கேட்டால் என்னவென்று பார்க்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

குடோனுக்கு இறங்குகிற சரிவில் அருள்பாண்டி பிரேக்கை மெல்ல மிதித்து மிதித்து இறங்கினான். அன்றைக்கு என்றுமில்லாத கத்தல். ஊசியாகக் கிளம்பி, நீண்டு, நின்றுவிட்டு மறுபடி கிளம்பியது. அத்தனை அறைகளிலிருந்தும் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தியும் கூச்சல் போடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மருந்து அப்பிய கையோடு, மூச்சை மட்டும் இரைத்தபடி ஓடினார்கள். நூறு எண்ணுவதற்குள் நாற்பது பேர் வரை கம்பி வேலி ஓரத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு பிக்கப் வண்டி நின்றது.

அருள்பாண்டி வண்டியிலிருந்து இறங்கினான். பிரேக்குக்கா இம்புட்டு ஓட்டம் என்று கேட்டுச் சிரித்தான். வாயை மூடிக்கொண்டல்ல, நன்றாகவே சிரித்தான்.

சிரிப்பு முடிகிறபோதுதான் ஒருத்தி இன்னும் எழுந்திருக்காததைப் பார்த்தான். அறைப் படியில் தடுக்கி விழுந்தவள் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய மாதிரி இல்லை. அவள் அழவில்லை, அவனையே பார்த்தாள். இரண்டு பேர் அவளைத் தூக்கி மர நிழலுக்குக் கொண்டு போனார்கள்.

போர்மேன் முத்துராமலிங்கம் வந்தார். இருபது வருசமாக அந்த ஆபீஸில் இருப்பவர், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, யாரிடம் வேலை பார்த்தது என்று மட்டும் கேட்டார்.

அந்த நேரத்தில் அருள்பாண்டிக்குத் தன் தலையில் இருப்பதை எங்கேயாவது இறக்கி வைத்தால் போதும் என்று இருந்தது.

“பலவேசம்ட்ட அண்ணாச்சி. பூசைக்கு முந்திதான் பேட் மாத்தினான். கம்பெனி பேடுன்னு சொல்லி டூப்ளிகேட்ட மாட்டி ஏமாத்திட்டான்.”

முத்துராமலிங்கம் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, “எங்க வேன் நாலும் அவன்ட்டதான் விடுறோம்” என்றார். “அம்புட்டுப் பொம்பளைகளும் அதுலதான் வாராக, போறாக.” போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். போகும்போதே, சத்தம் நிற்காமல் வண்டி கேட்டுக்குள் வரக் கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் கற்பகத்திடம் நடந்ததைச் சொன்னான். சிரித்ததை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னான். கற்பகம் கல்யாணத்துக்கு முந்தி இரண்டு வருசம் பயர் ஆபீஸுக்குப் போனவள். விழுந்த பிள்ளை பேர் என்ன என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பினார்கள். பன்றி மிதித்த சோளத்துக்காகக் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கிற வேலை கற்பகத்துக்கு. அந்த ஆபீஸும் சூலக்கரையில்தான். அவளை அங்கே இறக்கிவிட்டு, பலவேசத்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தபடி ஒர்க்‌ஷாப்பில் போய் நிறுத்தினான். நிறுத்தும்போது வண்டி கத்திய கத்தலில் அவன் கேட்க நினைத்த முதல் கேள்வி மறந்து போனது.

பலவேசம் அவனைவிட ஐந்தாறு வயது இளையவன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நீ போட்ட பேட்டை நீயே கழற்று என்றான் அருள்பாண்டி. முதலில் ஒரு ரவுண்டு போய் வருவோம் என்று பலவேசம் ஏறிக்கொண்டான். சர்வீஸ் ரோட்டில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, மெதுவாக மிதிக்கச் சொன்னான், அழுத்தி மிதிக்கச் சொன்னான், ரிவர்ஸில் வந்து மிதிக்கச் சொன்னான். மெதுவாக மிதித்தால்தான் கத்தல் அதிகம் என்பதை அருள்பாண்டியே அன்றைக்குத்தான் கவனித்தான்.

திரும்பி வந்து பலவேசம் ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினான். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுத்தான். சக்கரத்தைக் கழற்றி, தட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகரத்துக்கும் நடுவே கல் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். கல் இல்லை. பேட்டைத் தாங்குகிற பின்கள் இரண்டையும் அசைத்துப் பார்த்தான், வழுவழுவென்று போய் வந்தன. பேட்டின் கனம் புதிதாக மாட்டியபடியே இருந்தது. கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். வெள்ளையாக இருக்க வேண்டிய தட்டு, பழகிய தோசைக்கல்லைப் போலக் கறுத்துப் பளபளத்தது.

பேட்டை உருவி எடுத்தான். சிலேட்டு மாதிரி சொரசொரவென்று இருக்க வேண்டிய முகம் கண்ணாடியாக மின்னியது. மூக்கருகே கொண்டு போனான். அவன் அப்பா விருதுநகரில் எண்ணெய்க் கடையில் தகர டின் நிரப்பியே காலத்தைக் கழித்தவர். எண்ணெயில் அவன் மூக்கு தப்பாது. ஒன்றும் சொல்லாமல் பேட்டை அருள்பாண்டியிடம் நீட்டினான்.

அருள்பாண்டி மோந்தான். அவன் வீட்டு வாசம் அது.

“வெளக்கெண்ண” என்றான் பலவேசம். “பிரேக்குன்னா உரசணும் அண்ணாச்சி. உரசினாத்தான் பிடிக்கும். எண்ண பட்டா உரசாது. அப்புறம் சூட்டுல எண்ண பேடுக்குள்ள எறங்கி வெந்து கண்ணாடியாப் போயிருச்சு. அதான் கத்துது. யாரு தடவினது?”

குற்றம் சொல்லுகிற குரலில் அவன் கேட்கவில்லை. வைத்தியர் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அருள்பாண்டி அந்தப் பளபளத்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வீட்ல பொம்பளதான். பூசைக்கு இரும்புக்கெல்லாம் தடவுவாக. தெரியாம இதுலயும் தடவிட்டா போல.”

பலவேசம் தலையை ஆட்டிக்கொண்டான். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது அவன் முகம். பட்டறை மூலையில் இருந்த காலிப் பெட்டியை எடுத்து வந்து காட்டினான். அன்றைக்கு மாட்டிய பேட்டின் கம்பெனிப் பெட்டி, முத்திரையோடு இருந்தது.

“நேத்து ஆபீஸ் வேன் நாலும் வரல அண்ணாச்சி. ஞாயித்துக்கெழமைன்னா காலைல எட்டு மணிக்கே வந்து நிக்கும். போன் போட்டேன். இனிமே வேற எடத்துல பாத்துக்கிறோம்னாக போர்மேன். ஏன்னு கேட்டேன். ஒன் வேலையால ஒரு புள்ள கை ஒடிஞ்சு போச்சுப்பான்னாக.” அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நேத்துல இருந்து சோறு எறங்கல. என்னத்தத் தப்பா மாட்டினோம்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்.”

அருள்பாண்டிக்குக் காது சுட்டது. நேற்றிலிருந்து இவன் சாப்பிடாமல் தேடிய தப்பு, தன் விரலில் சுற்றிய துணியில் இருந்தது. இப்போதும் சொல்லியிருக்கலாம். போர்மேனிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னான். என்னவென்று சொல்வீர்கள் என்று பலவேசம் கேட்டான். இப்போது உன்னிடம் சொன்னதைத்தான் என்றான்.

எண்ணெய் குடித்த பேட் இனி உதவாது என்று பலவேசம் புதுப் பேட் வாங்கி வந்தான். தட்டைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தான். துணி கறுக்காமல் வரும்வரை துடைத்தான். பிறகு உப்புத்தாளை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்துப் பளபளப்பை எடுத்தான். பின்களுக்கு மட்டும் கிரீஸ் வைத்தான். பசை இங்கேதான் வேண்டும், பேட் முகத்தில் பட்டுவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வைத்தான். மாட்டி முடித்து, சர்வீஸ் ரோட்டில் போய் இருபது தடவை மெல்ல மெல்ல மிதித்துப் பேட்டைத் தட்டோடு பழக்கிக் கொண்டு வந்தான். ஒரு முணுமுணுப்புக் கூட இல்லை.

கற்பகம் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். மனுவை வாங்கிச் சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். வண்டியில் இருந்த தூக்குச்சட்டியை எடுத்தாள். புளிச்சோறும் தேங்காய்த் துவையலும். பலவேசம் அவளைப் பார்த்ததும் உரிமையோடு சிரித்தான்.

“மதினி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிறாதீக. இனிமே பிரேக் தட்டுல எண்ண தடவிறாதீக. துரு பிடிச்சா பிடிக்கட்டும், நாலு மிதி மிதிச்சா தானாப் போயிரும். அண்ணாச்சி சொன்னாக, நீங்க தெரியாமத் தடவிட்டீகன்னு.”

கற்பகம் தூக்குச்சட்டி மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். புருசனைப் பார்த்தாள். அருள்பாண்டி ஜாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்த நேரம் கொஞ்சம்தான். ஆனால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள் என்பது இரண்டு பேருக்கும் அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது.

“சரி தம்பி, இனிமே தடவல” என்றாள். “நீங்க சாப்பிட்டீகளா? மூஞ்சி வாடிக் கெடக்கு. வாங்க.”

மூடியில் அள்ளி வைத்துப் பலவேசத்துக்குக் கொடுத்தாள். அவன் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டான். அருள்பாண்டிக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. புளி அதிகமாகிவிட்டதா என்று கற்பகம் கேட்டாள். இல்லை என்றான். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பான்.

சிவகாசிக்குப் போய் லோடு ஏற்றிக்கொண்டு ஆபீஸ் கேட்டுக்கு வரும்போது மணி ஐந்தாகப் போனது. வழி நெடுக கற்பகம் கலெக்டர் ஆபீஸில் பார்த்த கூட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். எண்ணெயைப் பற்றி மூச்சு விடவில்லை. விழுந்த பிள்ளையை நான் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். முத்துராமலிங்கம் கேட்டுக்கு வெளியிலேயே மூன்று தடவை பிரேக் போடச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

வேலை முடிந்து பெண்கள் கைகால் கழுவிக்கொண்டு வேனுக்காக வேப்ப மரத்தடியில் கூடியிருந்தார்கள். நடுவில் கையில் மாவுக்கட்டோடு அவள் இருந்தாள். பேர் நாகஜோதி. சீசனில் வீட்டில் இருக்க முடியாது என்று ஒற்றைக் கையால் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறேன் என்று வந்துவிட்டாளாம். வாட்ச்மேன் சொன்னான்.

அருள்பாண்டி இறங்கிப் போர்மேனிடம் போனான். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, பலவேசம் மேல தப்பில்ல. கம்பெனி பேட்தான் போட்டிருக்கான். பொட்டியப் பாத்தேன். நான் பாக்காமப் பேசிட்டேன். தட்டுல எண்ண பட்டிருந்துச்சு.”

“எண்ண எப்பிடிப்பா படும்?”

“பூசைக்கு வீட்ல…” என்று ஆரம்பித்தான். மத்தியானம் சொன்னது அப்படியே நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பெண்கள் எல்லோரும் வண்டிப் பக்கம் திரும்பினார்கள். கற்பகம் இறங்கி வந்துகொண்டிருந்தாள். நேரே நாகஜோதியிடம் போய்க் கட்டுப் போட்ட கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தாள். “தாயி, தெரியாம…” என்றாள்.

அதற்கு மேல் அவளைச் சொல்ல விட்டால் தான் ஆம்பளையே இல்லை என்று அருள்பாண்டிக்குப் பட்டது.

“அவ இல்ல. நான்தான் தடவினேன். துருவா இருந்துச்சுன்னு வெளக்கெண்ணயத் தடவிட்டேன். வேண்டாம்ங்கிற மாரி அவ கேட்டா, நான் கேக்கல. பெறகு பலவேசத்தச் சொன்னேன். அப்புறம் இவளச் சொன்னேன். ரெண்டும் பொய்யி.”

 முத்துராமலிங்கம் போனை எடுத்துப் பலவேசத்தைக் கூப்பிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை வேன் நாலும் வரும் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன சொன்னானோ, சரிப்பா, சரிப்பா என்று இரண்டு தடவை சொல்லி வைத்தார்.

அருள்பாண்டிக்கு மூச்சு வந்தது. எல்லாவற்றையும் இறக்கியாகிவிட்டது என்று நினைத்தான். நாகஜோதியைப் பார்த்து, தெரியாமல் நடந்து போச்சும்மா, மன்னித்துக்கொள் என்றான். அவள் அவசரப்படவில்லை.

“எண்ண தெரியாமத் தடவுனது சரிண்ணே” என்றாள். “நாங்க ஓடினப்ப சிரிச்சீகளே, அதுவும் தெரியாமத்தானா?”

 இதற்குப் பலவேசம் கிடையாது, கற்பகமும் கிடையாது.

“இல்ல தாயி” என்றான். “அது தெரிஞ்சுதான்.”

கற்பகம் இப்போதுதான் அதைக் கேட்கிறாள். நாகஜோதியின் கைக்குக் கீழே கொடுத்த கையை எடுக்காமலே திரும்பிப் புருசனைப் பார்த்தாள். மத்தியானம் ஒர்க்‌ஷாப்பில் பார்த்த பார்வை இல்லை இது. கல்யாணத்துக்கு முந்தி இரண்டு வருசம் இதே போல ஒரு வேப்ப மரத்துக்கும் அறைக்கும் நடுவே ஓடிப் பழகியவள் பார்க்கிற பார்வை. அதை அவனால் தாங்க முடியவில்லை, குனிந்துகொண்டான்.

வேன் வந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள். கற்பகம் நாகஜோதியின் சோற்றுப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவளைப் படியில் கை கொடுத்து ஏற்றிவிட்டு, பின்னாலேயே தானும் ஏறினாள். அருள்பாண்டி ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வழியாகத்தான் அந்த வேன் போகும். 

அருள்பாண்டி லோடை இறக்கிப் போடச் சொல்லிவிட்டு, காலி வண்டியை விரட்டி மெயின் ரோட்டில் வேனைப் பிடித்தான். முந்தவில்லை. ஒவ்வொரு விலக்கிலும் வேன் நின்றது, யாராவது இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் பின்னால் பிரேக் போட்டு நின்றான். ஒரு சத்தமும் இல்லை, அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாகஜோதி இறங்கியபோது கற்பகமும் கூட இறங்கி, பையைத் தெருமுனைவரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வண்டிக் கதவை உள்ளிருந்தே எட்டித் திறந்து வைத்தான் அருள்பாண்டி. அவள் அதைத் தாண்டிப் போய் வேனிலேயே ஏறினாள்.